வேலை போன பின் வரவேண்டிய பணம் வரவில்லையா? எந்தத் தாளில் சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

2020 ஜூலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் பார்த்துவந்த வேலை போயிற்று. ஒரு சிறிய ஆலையில் ஒன்பது ஆண்டுகள் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் எழுதியவன் நான். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இரண்டையும் மாதந்தோறும் கணினியில் ஏற்றியது என் கைதான். அப்படிப்பட்ட எனக்கே, வேலையிழந்தவருக்கான ஈ.எஸ்.ஐ. நிவாரணம் கைக்கு வந்துசேர நான்கு மாத அலைச்சல் தேவைப்பட்டது. அந்த நான்கு மாதங்களில் வரிசையில் பார்த்த முகங்கள் இன்றும் மறக்கவில்லை. பாதிப் பேர் தகுதி இருந்தும் திரும்பிப் போனார்கள்.

அதன்பிறகு பழைய தோழர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பை நிறையத் தாள்களோடு என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய தாள்களைப் பரப்பிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி ஒன்று உண்டு. நான் பார்த்த நிராகரிப்புகளில் பெரும்பாலானவை ஆளின் தகுதிக் குறைவால் வந்தவை அல்ல. ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுத்ததால் வந்தவை. எனவே நிராகரிப்பு வந்த மறுநாளே மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். எந்தத் தாள் முதலில் பிசகியது என்று கண்டுபிடித்து, அதை அது பிறந்த இடத்திலேயே திருத்துங்கள். திருத்தாமல் பத்து முறை விண்ணப்பித்தாலும் பத்து முறையும் அதே பதில்தான் வரும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் மக்கள் என்னிடம் வந்து சொல்லும் ஒரு குறை. உங்கள் குறை எதுவோ அதிலிருந்து படிக்கலாம். பெயர்ச் சிக்கலை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில், நீங்கள் கேட்பது எந்தப் பணம்?

மூன்று வேறு பணங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

முதலாவது, தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் தரும் இளைஞர் உதவித்தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு உரியது. பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகள் வரை, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டுப் பதிவு போதும், தொகையும் கூடுதல், வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும்.

இரண்டாவது, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்து அதை இழந்தவர்களுக்கான 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா'. 2018 ஜூலை 1 முதல் நடப்பது. சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. இத்திட்டம் காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வருவதால், கிளம்பும் முன் 1800-11-2526 என்ற ஈ.எஸ்.ஐ. இலவச எண்ணில் நடப்பு நீட்டிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றால் வேலை இழந்தவர்களுக்கு 2005 முதல் 'ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா' என்ற இன்னொரு திட்டமும் உண்டு. அதில் உதவி 24 மாதம் வரை நீளும். முறையாக ஆலை மூடப்பட்டு வெளியே வந்தவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். 90 நாள் திட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டாம்.

மூன்றாவது, பி.எஃப். இது உதவித்தொகை அல்ல, உங்கள் சொந்தச் சேமிப்பு. ஆனால் வேலை போனவர் வீட்டில் அடுப்பெரிய உடனடியாக உதவுவது பெரும்பாலும் இதுதான்.

"பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது"

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். சென்னை பாடியில் இயந்திரக் கடைசல் வேலை பார்த்தவர். துணிக்கடைப் பையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், பெயர் பின்னால். ஆதாரில் பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால். வங்கிப் புத்தகத்தில் அந்தத் தலைப்பெழுத்து விரிந்து, தந்தையின் முழுப் பெயராகி, இவர் பெயருக்கு முன்னால் நின்றது. ஈ.எஸ்.ஐ. அட்டையில் தலைப்பெழுத்தே இல்லை. பி.எஃப். கணக்கில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடுதல். பெரியவர் ஐந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் எது என் பெயர்?" என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நம் அடையாளம். கணினிப் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு நிற்கிறது. படிவம் நிரப்பியவர் கட்டத்தை நிரப்ப ஏதோ ஒன்றைச் செய்திருப்பார். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் செய்திருப்பார். பெண்களுக்கு இது இரட்டிப்பு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் தலைப்பெழுத்து, திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்து. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். 'எக்ஸ்' போட்டும் எழுதலாம், 'கே.எஸ்.எச்.' போட்டும் எழுதலாம். கணினிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆள்.

செய்ய வேண்டியது இது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, புள்ளியும் இடைவெளியும் மாறாமல், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் பிறந்த தேதியையும் எழுதுங்கள். எது விலகி நிற்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தாள்களைத் தனித்தனியாகப் புரட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது.

பிறகு எதை எதற்கு ஒத்துப்போகச் செய்வது என்று தீர்மானியுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பள்ளிச் சான்றிதழ்தான் மூலம். ஈ.எஸ்.ஐ.க்கும் பி.எஃப்.க்கும் ஆதார்தான் மூலம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருப்பவர்கள், அதை ஆதாரமாகக் காட்டி ஆதாரை அதற்கு இணையாக மாற்றிவிடுவதே நல்லது. பள்ளிச் சான்றிதழே இல்லாதவர்கள் ஆதாரை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். எப்படியானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆதார், அடுத்து வங்கி, அதற்கடுத்து ஈ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும். வங்கியை முதலில் மாற்றிவிட்டு ஆதாரைப் பின்னால் மாற்றியவர்கள் வங்கிக்கு மறுபடி நடக்க வேண்டியதாயிற்று.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே மையத்தில் ஊழியர் திரையில் காட்டும்போது 'சரி' என்று சொல்லும் முன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் உடன் வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

தலைப்பெழுத்தை விரிக்கவோ ஓர் எழுத்தைச் சேர்க்கவோ அரசிதழ் வரை போகச் சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. பெயரே முழுதாக வேறாக இருந்தால்தான் அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள், அச்சுத்துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடும் தேவை எழும். சிறிய திருத்தத்துக்கு முதலில் ஆதார் மையத்தில் முயன்றுவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் பெயர் தவறாக இருந்தால், ஆதார் நகலோடு உங்கள் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். பழைய நிறுவனம் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை விரைவில் முடியும். பி.எஃப்.பில், 2017 அக்டோபர் 1க்குப் பிறகு வழங்கப்பட்டு, ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட யூ.ஏ.என். (பி.எஃப். பொதுக் கணக்கு எண்) உள்ளவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே இணையத்தில் தாமே திருத்திக்கொள்ளலாம். 2025 ஜனவரியில் வந்த இந்த வசதி, முதலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்த எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

"நான் வேலையில் இல்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது"

இதை நான் மிகவும் கவனித்து எழுதுகிறேன். ஏனென்றால் இந்தத் தவறை நானே பலருக்குச் செய்திருக்கிறேன்.

மாதக் கணக்கை ஏற்றும்போது ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே வேலைநாளும் சம்பளமும் இட வேண்டும். வேலைநாள் பூஜ்யம் என்று இட்டால், காரணம் என்ன என்று ஒரு பட்டியல் வரும். விடுப்பு, பணியை விட்டு விலகினார், ஓய்வு பெற்றார், வரம்புக்கு வெளியே போனார், வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, வேலை இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. முதல் எண் பூஜ்யம். அதன் பொருள், 'காரணம் இல்லை'. அவசரத்தில் கணக்கு எழுதுபவர்கள் அந்தப் பூஜ்யத்தையே போட்டு நகர்ந்துவிடுவார்கள். கட்டணம் ஒத்துப்போகும், 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தொழிலாளி பதிவேட்டில் இன்னும் அந்த நிறுவனத்தின் ஆளாகவே இருப்பார். எனக்குப் பின் வந்தவர் என் பெயருக்கு நேரே செய்ததும் அதுதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட அன்றுதான், பூஜ்யம் போட்டு நான் அனுப்பிவைத்த ஆட்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

திருத்தும் வழி: பழைய நிறுவனத்தில் சம்பளக் கணக்கு எழுதுபவரைப் பிடியுங்கள். மேலாளரிடமோ முதலாளியிடமோ போக வேண்டியதில்லை. அவரிடம், "அடுத்த மாதக் கணக்கு ஏற்றும்போது என் பெயருக்கு நேரே பூஜ்ய நாள் போட்டு, விலகிய காரணத்தையும் கடைசி வேலைநாளையும் குறித்துவிடுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். காரணத்தை உள்ளபடியே குறிக்கச் சொல்லுங்கள். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களுக்கும், பணி ஓய்வு பெற்றவர்களுக்கும், விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் இந்த நிவாரணம் கிடையாது. ஆட்குறைப்பில் போன ஒருவரை 'ஓய்வு' என்று குறித்துவிட்டால், அந்த ஒரு சொல்லில் அவருடைய மூன்று மாத அரைச் சம்பளம் போய்விடும்.

நிறுவனம் செவிசாய்க்கவில்லை என்றாலோ பூட்டிக்கிடந்தாலோ கிளை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். சம்பளம் வரவு நின்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, பணி நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, ஆலை அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். பணி நீக்கக் கடிதமே தராத நிறுவனங்கள் அம்பத்தூரில் மட்டுமல்ல, எங்கும் உண்டு. கைப்பேசியில் மேற்பார்வையாளர் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிய செய்தி இருந்தால் அதையும் அச்செடுத்து வையுங்கள். அத்தகைய ஒரு செய்தியைக் கொண்டே கடைசி வேலைநாளை நிலைநாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

வேலை போன தேதி ஈ.எஸ்.ஐ.யில் ஒன்றாகவும், பி.எஃப்.பில் ஒன்றாகவும், கடிதத்தில் ஒன்றாகவும் இருப்பதும் இதே நோய்தான். மூன்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்த பிறகே விண்ணப்பியுங்கள். இன்னொன்று: வேலை போன நாளிலிருந்து 30 நாள் கழிந்தால்தான் இந்த நிவாரணத்துக்கு உரிமை வரும். அதற்கு முன்னால் போட்ட விண்ணப்பத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாள் கடந்ததும் மறுபடி போடுங்கள்.

"பங்களிப்பு நாள் போதவில்லை என்கிறார்கள்"

ஈ.எஸ்.ஐ. ஆண்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. வேலை போவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்குச் சற்று முன்னால் முடிந்த அரையாண்டில் குறைந்தது 78 நாள், அந்த இரண்டு ஆண்டுகளில் மீதமுள்ள மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். நவம்பரில் வேலை போனால் பார்க்க வேண்டியது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நவம்பரில் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பது இங்கே கணக்கில்லை.

இதில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரே ஆலையில் ஒரே இயந்திரத்தின் முன் நான்கு ஆண்டுகள் நின்றிருப்பார்கள். இடையில் ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறியிருப்பார். ஒவ்வொருவரும் பழைய காப்பீட்டு எண்ணைக் கேட்காமல் புதிதாகப் பதிந்து புது எண் வாங்கியிருப்பார்கள். நாள்கள் மூன்று எண்களில் சிதறிக்கிடக்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும் 78 தேறாது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் பத்து இலக்கம், அது ஆயுளுக்கும் ஒன்றுதான். பழைய அட்டைகள், பழைய மருந்துச் சீட்டுகள், குழந்தை பிறந்தபோது அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கொடுத்த சீட்டு என்று வீட்டில் தேடுங்கள். எங்காவது ஓர் எண் எழுதியிருக்கும். கிடைத்த எல்லா எண்களையும் ஒரே மனுவில் எழுதி, ஒன்றாக இணைத்துத் தரும்படி கிளை அலுவலகத்தில் கேளுங்கள். இணைத்த பிறகு நாள் கணக்கு தானாகவே தேறிவிடும்.

சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்கள், இணையத்தில் அந்த மாதமே இல்லை என்றால் விஷயம் வேறு. அது உங்கள் தவறில்லை. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். சம்பளச் சீட்டுகளின் நகலோடு நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் உள்ள மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சம்பளச் சீட்டை மாதந்தோறும் கைப்பேசியிலாவது படம் எடுத்து வைக்கச் சொல்லி இப்போது வேலையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

எவ்வளவு வரும் என்றும் கேட்கிறார்கள். அந்த நான்கு அரையாண்டுகளில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுத்து, அதில் பாதி. இரண்டு ஆண்டுகளும் இடைவிடாமல் மாதம் 15,000 வாங்கியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 246 ரூபாய், 90 நாளுக்கு ஏறத்தாழ 22,000 ரூபாய். வாடகையும் பள்ளிக் கட்டணமும் மேலே வந்து நிற்கும் வீட்டில் இது சிறிய பணமில்லை. அதனால்தான் விடாதீர்கள் என்கிறேன்.

"கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரவில்லை"

ஆதாரில் பழைய எண் இருக்கிறது. ஆதார் சேவை மையத்திலோ ஆதார் வசதியுள்ள தபால் நிலையத்திலோ எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள். தெரிந்தவர் எண்ணைக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் பணம் எடுக்கும்போதும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

"வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஐந்து ஆண்டு ஆகவில்லை என்கிறார்கள்"

பதிந்து ஏழு ஆண்டு ஆயிற்றே என்று கோபத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "புதுப்பித்தீர்களா?" என்பதுதான். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் 18 மாதச் சலுகைக் காலம் உண்டு. அதுவும் கடந்தால் பதிவு காலாவதியாகி, மறுபடி பதியும் நாளிலிருந்து ஐந்து ஆண்டு புதிதாகத் தொடங்கும். புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு. 2021இல் அப்படி அறிவித்தபோது பலர் தங்கள் பழைய பதிவை மீட்டுக்கொண்டார்கள். செய்தித்தாளில் ஒரு சிறு கட்டத்தில்தான் வரும், கண் வைத்திருங்கள்.

தகுதி காலாண்டின் கடைசி நாளைக் கொண்டு பார்க்கப்படுகிறது. ஏப்ரல் நடுவில் ஐந்து ஆண்டு முடிபவர் மார்ச் 31ஆம் தேதிக் கணக்கில் வரமாட்டார், ஜூன் 30ஆம் தேதிக் கணக்கில் வருவார். அவருக்கு 'தகுதியில்லை' என்ற பதிலின் பொருள், மூன்று மாதம் பொறுங்கள் என்பதுதான்.

கிண்டி ஆலந்தூர் சாலையில் உள்ள ஒருங்கிணைந்த வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்துக்குப் போகும்போது அசல் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பதிவு அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்றுச் சான்றிதழை மறந்து திரும்பி வருபவர்கள்தான் அதிகம். அது பெட்டியின் அடியில் கிடக்கும், யாருக்கும் நினைவு வராது. படிவம் இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

படிவத்தில் வருவாய்த் துறையினரின் வருமானச் சான்று தேவை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 6,000 ரூபாய். சென்னையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு தாயின் வருமானமே அதைத் தொட்டுவிடும். இந்த வரம்பு உயர வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. பட்டதாரிக்குத் தரும் 600 ரூபாய், விருப்பம்போல் பயணிக்கும் 1,000 ரூபாய் மாநகரப் பஸ் பாஸுக்கும் போதாது. நேர்காணலுக்குப் போய்வருவதற்காவது இந்தத் தொகை உதவ வேண்டாமா? ஆனாலும் உரிமையுள்ளவர்கள் இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஒரு தவறான பேச்சு உலவுகிறது. போகாது. பதிவு அப்படியே இருக்கும்.

வருமானச் சான்றில் சிக்குவதற்கு முக்கியக் காரணம் முகவரி. குடும்ப அட்டை வியாசர்பாடியில், வாடகை வீடு கொரட்டூரில் என்றால், எந்த வட்டத்தில் கேட்பது என்று இரு இடத்திலும் அலைவீர்கள். குடும்ப அட்டை முகவரியை முதலில் மாற்றிக்கொண்டு, இப்போது குடியிருக்கும் வட்டத்தில் விண்ணப்பியுங்கள்.

பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கும், முழுநேரமாகக் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இந்தத் தொகை இல்லை. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குத் தடையில்லை. வயது வரம்பு பொதுவாக 40, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45.

"வந்துகொண்டிருந்த தொகை திடீரென்று நின்றுவிட்டது"

ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய சுய உறுதிமொழி ஆவணத்தைக் கொடுத்தீர்களா? இன்னும் வேலை இல்லை என்று நீங்களே எழுதித் தருவது அது. கொடுக்காவிட்டால் தொகை நிற்கும். கொடுத்தும் நின்றிருந்தால், பதிவைப் புதுப்பிக்கும் மாதம் இடையில் வந்து போயிருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

"ஒப்புதல் ஆகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை"

இனி எல்லாம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. வங்கிக் குறியீட்டு எண்ணை முதலில் பாருங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. என்பது பதினோரு எழுத்து. அதன் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று தட்டச்சிட்டவர்களை எண்ணி மாளாது. அடுத்து, உங்கள் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டதா? 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பழைய குறியீடுதான் வரும். புதிய புத்தகம் வாங்கி, அதைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டு ஆண்டுகள் நீங்கள் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கைச் செயலற்றது என்று வங்கி ஒதுக்கிவிடும். கிளைக்கு நேரில் போய், ஆதார் கொடுத்து, மீண்டும் இயங்கச் செய்யுங்கள்.

ஆதார் எண்ணை வைத்து வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். ஒரு பெண் மூன்று மாதம் தேடிய பணம், எப்போதோ சேமிப்புத் திட்டத்துக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் பத்திரமாக இருந்தது.

"பி.எஃப். எடுக்க முடியவில்லை, வெளியேறிய தேதி இல்லை என்கிறது"

நிறுவனம் வெளியேறிய தேதியைக் குறிக்கவில்லை. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால், யூ.ஏ.என். கணக்கில் நுழைந்து நீங்களே அதைக் குறிக்கலாம், ஆதார் ஓ.டி.பி. மட்டும் போதும். கடைசிப் பங்களிப்பு எந்த மாதத்துக்கோ அந்த மாதத்தின் ஒரு தேதியை இடுங்கள். ஒருமுறை குறித்ததை எளிதில் மாற்ற முடியாது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இடுங்கள்.

காசோலைப் படம் மங்கலாக இருக்கிறது என்ற நிராகரிப்பு இனி உங்களைத் தொல்லைப்படுத்தாது. 2025 ஏப்ரலில் அந்தப் படத்தைப் பதிவேற்றும் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள்.

"எந்தப் பதிலும் இல்லை"

கையில் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? மனுவை இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் அலுவலகத்தை விட்டு வெளியே வர வேண்டும். முத்திரை போட மறுத்தால், அதே மனுவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு நாளில் எத்தனை தாள்களை அவர் பார்க்கிறார் என்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மரியாதையாக, "எந்த ஆவணம் குறைகிறது என்று இந்தத் தாளில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். வாய்ச்சொல்லில் வாங்கிவந்த பதில் அடுத்த முறை வேறு ஊழியர் இருக்கும்போது மாறிவிடும்.

மாநில அரசின் உதவித்தொகைக்கு 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரி துறையில் புகார் பதியலாம். பி.எஃப்.புக்கு ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' குறைகேட்பு முகாமுக்குத் தாள்களோடு நேரில் போங்கள். அதிகாரிகளே எதிரில் அமர்ந்திருப்பார்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் குறைகளைக் கொட்டாதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தத் தேதியில் இந்த எண்ணில் கொடுத்த என் மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது, அதன்மீது எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டிருந்தால் எந்த விதியின்கீழ் என்று மூன்று வரி எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். திண்ணையில் ஐந்து தாள்களைப் பரப்பிய பெரியவருக்கு அந்த மூன்று வரியைப் போன வாரம்தான் எழுதிக்கொடுத்தேன். கையெழுத்து மட்டும் அவருடையது, ஆதாரில் இருக்கிறபடியே.